தோத்தவரைக் கூப்பிடுங்க

"அத்தைக்கு மட்டும் தெரிய வேணாங்க்கா" என்று ஜட்ஜம்மாவுடைய அண்ணன் மகன் போனில் சொன்னான். "பித்தப்பையில கல்லு, எடுத்தாச்சுன்னு சொல்லி வெச்சிருக்கோம். நீங்க பாக்க வந்தீங்கன்னா அதே மாதிரி பேசுங்க. அழுது கிழுது வெச்சுடாதீங்க."

கல் இல்லை. கணையத்தில் புற்று. மஞ்சள் காமாலை என்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். ஸ்கேன் எடுத்ததில் அது தெரிந்தது. இனிமேல் வெட்டி எடுக்க முடியாது என்று ஒரு குழாயை வைத்து, மஞ்சளை மட்டும் இறக்கி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தீபாவளியைப் பார்ப்பது கஷ்டம் என்று டாக்டர் வராந்தாவில் வைத்து அண்ணன் மகனிடம் சொல்லியிருக்கிறார். உள்ளே கட்டிலில் படுத்திருந்தவரிடம், "நல்லாயிட்டீங்கம்மா, வீட்டுக்குப் போலாம்" என்று சொல்லியிருக்கிறார்.

"சரிப்பா" என்று போனை வைத்தேன். கடையில் ஒருவர் ஆதார் கார்டை நீட்டிக்கொண்டு நின்றிருந்தார். முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே தாளில் வருகிற மாதிரி எடுத்துக் கொடுத்தேன். அழுகை வரவில்லை. அவன் பயந்தது வீண். மத்தியானச் சோற்றைக் கூட முழுசாகச் சாப்பிட்டேன். சாம்பாரில் உப்பு இருந்ததா என்று கேட்டால் மட்டும் சொல்லத் தெரியாது.

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. பெயர் சொல்லி அவரை நான் கூப்பிட்டதே இல்லை, இப்போது எதற்கு. ஊருக்கு அவர் ஜட்ஜம்மா. இளம் வயதில் எங்கள் திருத்தணி கோர்ட்டில் முன்சீப்பாக இருந்தார். பிறகு எந்தெந்த ஊருக்கோ மாற்றலாகிப் போய், ஜில்லா ஜட்ஜாகி, ரிட்டயர் ஆனதும் இங்கேயே வீடு பார்த்துக்கொண்டு வந்துவிட்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. குடியாத்தம் பக்கத்து மனுஷி. வந்த இடத்தில் தேர்தலில் நின்று கவுன்சிலரும் ஆனார். நான் கோர்ட்டுக்கு எதிரே டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறவள். எனக்கும் அவருக்கும் என்ன ஒட்டு என்று கேட்டால், என் அப்பா அவரிடம் தோற்றவர்.

சிரிக்க வேண்டாம். அந்த அம்மாவிடம் அது பெரிய உறவு.

மற்ற கோர்ட்டுகளில் தீர்ப்பு எப்படி வரும் என்று போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நம்பரைக் கூப்பிடுவார்கள். வக்கீல் எழுந்து நிற்பார். ஜட்ஜ் காகிதத்தைப் பார்த்தபடி இங்கிலீஷில் ஒரு வார்த்தை முணுமுணுப்பார். அடுத்த நம்பர் வந்துவிடும். வருஷக் கணக்காக அலைந்த மனுஷன் பின்னால் நின்றுகொண்டு, "இன்னா சார் சொன்னாரு, இன்னா சார்" என்று வக்கீலின் கோட்டைப் பிடித்து இழுப்பான். "வெளிய வா சொல்றேன்" என்பார் வக்கீல். வெளியே வந்ததும் டீ குடித்துவிட்டுச் சொல்வார். தோற்ற செய்தியை எந்த வக்கீலும் வெறும் வயிற்றோடு சொன்னதாக நான் பார்த்ததில்லை.

இந்த அம்மா மட்டும் காகிதத்தை மடித்து வைத்துவிட்டு, "தோத்தவரைக் கூப்பிடுங்க" என்பார். ஜெயித்தவரைக் கூப்பிட மாட்டார். தோற்றவர் மேஜைக்கு முன்னால் வந்து நிற்க வேண்டும். அவர் முகத்தைப் பார்த்து, ஏன் தோற்றார் என்று அவர் பாஷையிலேயே சொல்வார். நகரி, நாகலாபுரம் பக்கத்து ஆள் என்றால் தெலுங்கில் சொல்வார். அந்தத் தெலுங்கு இந்தக் கோர்ட்டுக்கு வந்த பிறகு கற்றுக்கொண்டது, கொஞ்சம் நொண்டும். பரவாயில்லை, புரிந்துவிடும். "ஜெயிச்சவனுக்கு நான் எதுக்கு சொல்லணும், அவன் வக்கீல் சொல்லுவாரு, ஊரே சொல்லும். தோத்தவனுக்குத்தான் சொல்ல ஆள் கிடையாது" என்பார். கடைசியில், மேலே அப்பீல் போகலாம் என்பதையும், எந்த ஊர்க் கோர்ட்டுக்குப் போக வேண்டும் என்பதையும் சொல்லி அனுப்புவார். தோற்றவர்கள் அங்கேயே உட்கார்ந்து அழுவதும் உண்டு. வக்கீல்கள் அதற்கு ஒப்பாரி கோர்ட் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

என் அப்பாவுக்கு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் டீக்கடை. வாடகை இடம். இடத்துக்காரர் தன் மகனுக்கு அங்கே மருந்துக்கடை வைத்துக் கொடுக்க வேண்டும் என்று காலி செய்யச் சொன்னார். அப்பா மாட்டேன் என்றார். அந்த மருந்துக்கடைப் பேச்சே பொய், வேறு ஆளுக்கு அதிக வாடகைக்கு விடத்தான் இந்த நாடகம் என்பது அப்பாவின் கட்சி. வழக்கு இந்த அம்மாவிடம் வந்தது. நான் அப்போது காலேஜில் படித்துக்கொண்டிருந்தேன். தீர்ப்பன்றைக்கு அப்பாவுக்குத் துணையாகப் போனது நான்தான்.

அப்பாவைத்தான் கூப்பிட்டார்கள். அந்த அம்மா வேலைக்கு வந்த புதுசு அது. தோற்றவரைத்தான் கூப்பிடுவார் என்பது ஊருக்கு இன்னும் பழகவில்லை. அப்பா தோளில் இருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய் நின்றார்.

"பெரியவரே, வாடகை ஒரு மாசம் கூட நீங்க நிறுத்தல. கடைய சுத்தமா வெச்சிருக்கீங்க. எடத்த வேற யாருக்கும் உள்வாடகைக்கு விடல. உங்க மேல தப்பு எதுவுமே இல்ல. இதெல்லாம் நான் தீர்ப்புலயே எழுதியிருக்கேன்" என்றார்.

அப்பா காதில் அதற்கு மேல் எதுவும் ஏறவில்லை. அந்த அம்மா அதற்கப்புறமும் பேசினார். மகனுக்குக் கடை வேண்டும் என்று இடத்துக்காரர் சொல்வது உண்மைதான், அவன் மருந்தாளுநர் படிப்பு முடித்த சர்டிபிகேட்டைப் பார்த்தேன், சட்டம் அந்தக் காரணத்தை ஒப்புக்கொள்கிறது, அதனால் காலி செய்துதான் ஆக வேண்டும், அப்பீல் போகலாம் என்று எல்லாமே சொன்னார். எனக்கும் முழுசாகக் காதில் விழவில்லை. ஒரு ஜட்ஜ் என் அப்பாவைப் பெரியவரே என்று கூப்பிட்டுப் பாராட்டிக்கொண்டிருக்கிறார், அந்தப் பக்கம் இடத்துக்காரர் முகம் செத்துப்போய் நிற்கிறார், வேறு என்ன நினைப்பது? அந்த ஆள் வேஷ்டி நுனியால் கண்ணைத் துடைத்ததைக் கூட நான் பார்த்தேன். அவரும் தான் தோற்றுவிட்டதாகவே நினைத்தார். அப்பா இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார்.

நேராக ஸ்வீட் ஸ்டாலுக்குப் போனார். நாங்கள் வேதக்காரர்கள், கிறிஸ்துமஸுக்குக் கூட அவர் கையை நீட்டிச் செலவு செய்கிறவர் இல்லை. அன்றைக்கு ஒரு பெரிய அட்டைப்பெட்டி நிறைய லட்டு வாங்கி, பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர், டிரைவர், பூக்காரம்மா, திருப்பதி பஸ்ஸுக்கு நிற்கிற மொட்டைத் தலைகள் என்று ஆள் பார்க்காமல் கொடுத்தார். "நியாயம்னு ஒண்ணு இருக்குது பாத்தியா" என்று ஒவ்வொருத்தரிடமும் சொன்னார். பெட்டி பாதி காலியானபோது எங்கள் வக்கீலின் குமாஸ்தா மூச்சு வாங்க வந்து, "யோவ், இன்னாய்யா பண்ணிகினு இருக்க, தோத்துட்டய்யா நீ" என்றார்.

அப்பா கையில் இருந்த லட்டை மறுபடி பெட்டியில் வைத்தார். எதிரில் நின்ற ஆள் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். அவ்வளவுதான் நடந்தது. யாரும் சத்தம் போடவில்லை.

மறுநாள் அப்பா கோர்ட்டு வராந்தாவில் போய் நின்றார். ஜட்ஜிடம் அப்படியெல்லாம் பேசக்கூடாது, பேசவும் விட மாட்டார்கள். ஆனால் அந்த அம்மா உள்ளே போகும்போது அவரைப் பார்த்துவிட்டு நின்றார். "இன்னா பெரியவரே, புரியலயா?" என்று கேட்டார்.

"புரிஞ்சுதும்மா. நேத்து சாயங்காலம் புரிஞ்சுது. மொதல்லயே சொல்லியிருக்கலாமே. லட்டு குடுத்துட்டேனே" என்றார் அப்பா.

கோபமாகச் சொல்லவில்லை. டீயில் சர்க்கரை போட மறந்த மாதிரி சொன்னார். அந்த அம்மா உள்ளே போய்விட்டார். அன்றிலிருந்து அவர் கோர்ட்டில் முறை மாறியது. தோற்றவர் வந்து நின்றதும், "முடிவ மொதல்ல சொல்லிடறேன். தோத்துட்டீங்க. இப்ப காரணத்தச் சொல்றேன், கேளுங்க" என்று தொடங்குவார். அவர் வேலை பார்த்த அத்தனை ஊரிலும் அந்த வாசகம் மாறவே இல்லையாம். என் அப்பாவின் லட்டு தமிழ்நாடு முழுக்கச் சுற்றியிருக்கிறது.

எனக்கு அவரைப் பிடிக்காது. அதைச் சொல்லிவிடுகிறேன். கடை போனதும் என் படிப்பு நின்றது. டைப் கற்றுக்கொண்டு கோர்ட்டுக்கு எதிரே ஓலைக் கொட்டகையில் ஒரு மெஷினைப் போட்டு உட்கார்ந்தேன். தினமும் அவர் ஜீப்பில் வந்து இறங்குவதைப் பார்க்க வேண்டியிருந்தது. மருந்துக்கடை நிஜமாகவே வந்தது. இடத்துக்காரர் மகன் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். தீர்ப்பு தப்பாக இருந்திருந்தால் திட்டவாவது திட்டியிருப்பேன்.

ஒருமுறை நான் பார்க்கவே ஒன்று நடந்தது. இரண்டாம் தாரம் என்று சொல்லி வீட்டில் பங்கு கேட்ட ஒரு பெண் தோற்றுப்போனாள். கல்யாணத்துக்குச் சாட்சி இல்லை. வழக்கம் போல இந்த அம்மா அவளைக் கூப்பிட்டு, முடிவைச் சொல்லி, காரணத்தைச் சொன்னார். சாயங்காலம் ஜீப்பில் ஏற வரும்போது அந்தப் பெண் வாசலில் இருந்து மண்ணை வாரி அவர் முகத்தில் வீசினாள். "ஊரு முன்னாடி நிக்க வெச்சு நான் பொண்டாட்டியே இல்லன்னு சொன்னியே, நீ வெளங்குவியா?" என்று கத்தினாள். போலீஸ்காரர் ஓடி வந்தார். அம்மா கையைக் காட்டி அவரை நிறுத்தினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "விடுங்க, அவுங்க வீட்டுக்குப் போகட்டும்" என்று மட்டும் சொல்லி ஜீப்பில் ஏறினார். புடவை மடிப்பிலிருந்து மண் உதிர்ந்தது. அந்தப் பெண் பேசியதிலும் நியாயம் இருக்கிறதென்றுதான் எனக்குத் தோன்றியது. சில சேதிகளைத் தனியாக, மெதுவாக, பாதி மறைத்துச் சொன்னால் என்ன என்று நினைத்தேன்.

பல வருஷம் கழித்து, பயமெல்லாம் விட்டுப் பேசிப் பழகிய பிறகு, அதை அவரிடமே கேட்டேன்.

"நீங்களே கூப்ட்டு சொல்லணுமா மேடம்? வக்கீலு சொல்லிக்கட்டுமே."

"செஞ்சது யாரு?"

"நீங்கதான்."

"அப்ப செஞ்சவதானே சொல்லணும்? செஞ்சுட்டு மூஞ்சியக் காட்டாம போனா அது வேற வேலை. அதுக்குப் பேரு ஜட்ஜு வேலை இல்ல."

இப்படி ஒரு பதில் சொல்லிவிட்டு, "மண்ணு கண்ணுல விழுந்து ஒரு வாரம் உறுத்துச்சுடி" என்று சிரித்தார். அவரோடு இதுதான் தொல்லை. முழுசாக வெறுக்க விட மாட்டார்.

முருகன் என்றால் அவருக்கு உயிர். ஆனால் இங்கே முன்சீப்பாக இருந்த காலம் பூராவும் மலை ஏறவில்லை. படிக்கட்டில் பூஜைத் தட்டுக் கடை வைத்திருந்த அண்ணன் தம்பி இரண்டு பேர் அந்தக் கடைக்காக அவர் கோர்ட்டில் வழக்காடிக்கொண்டிருந்தார்கள். போனால் யாரோ ஒருத்தன் தட்டை நீட்டுவான், வாங்கினாலும் தப்பு, வாங்காவிட்டாலும் தப்பு என்பாராம். ஆடிக் கிருத்திகைக்கு ஊரே காவடியோடு மேலே போகும். இவர் குவார்ட்டர்ஸ் மொட்டை மாடியில் நின்று மலையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு இறங்கிவிடுவார். ஊரில் ஒரு வீட்டுக் கல்யாணத்துக்குப் போனதில்லை, ஒரு சாவுக்குப் போனதில்லை, ஒரு வாய் காப்பி குடித்ததில்லை.

ரிட்டயர் ஆகி இந்த ஊருக்கு வந்தவர், முதல் நாள் மலை ஏறினார். இறங்கி வந்து நேராக ரயில்வே ஸ்டேஷன் ரோட்டுக்கு வந்தார். அங்கே அப்பா ஒரு சின்னத் தள்ளுவண்டியில் டீ போட்டுக்கொண்டிருந்தார். வயதாகிவிட்டது, கை நடுங்கும். நான் கடை மூடிவிட்டு அவருக்கு ஒத்தாசைக்கு வந்திருந்தேன்.

"லட்டுக்காரரே, ஒரு டீ" என்றார்.

எத்தனை வருஷம் ஆகியிருந்தது! ஜெயித்தவர்கள் முகம் ஒன்று கூட அவருக்கு ஞாபகம் இருக்காது. தோற்றவர் முகம் மறக்காது. அப்பா உற்றுப் பார்த்தார். அடையாளம் தெரிந்ததும் கிளாஸை இன்னொரு முறை கழுவினார்.

"சர்க்கரை எவ்ளோம்மா?"

"நெறைய போடுங்க. சர்வீசு பூரா வெளிய எங்கயும் டீ குடிக்கல."

குடித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்து, "இவ அன்னிக்கு வந்த பொண்ணுதானே? படிப்ப முடிச்சாளா?" என்று கேட்டார். "இல்லம்மா" என்றார் அப்பா. அவர் ஒன்றும் சொல்லவில்லை. வருத்தப்படுகிறேன் என்று சொல்லியிருந்தால் விலகிப் போயிருப்பேன். சொல்லாததால் அங்கேயே நின்றேன். அப்பா அதற்குப் பிறகு ரொம்ப நாள் இருக்கவில்லை. சாவுக்கு வந்த இந்த அம்மா சர்ச்சில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, தெரியாத பாட்டுக்கெல்லாம் வாயை அசைத்தார்.

அவர் வீட்டுக் கூடத்தில் ஒரு படம் மாட்டியிருக்கும். டில்லியில் நடந்த பெண் நீதிபதிகள் கூட்டத்தில் எடுத்தது. இவர் பக்கத்தில் ஓர் உயரமான ஆப்பிரிக்கப் பெண், தலையில் பெரிய துணியை முண்டாசு மாதிரிக் கட்டிக்கொண்டு சிரிக்கிறார். கானா நாட்டுக்காரர். அங்கே ஜட்ஜாக இருந்து, வேலையை விட்டு அரசியலுக்குப் போனவர். முதலில் தோற்று, பிறகு ஜெயித்தாராம். "ஏன் எறங்கினீங்கன்னு கேட்டேன். கோர்ட்டுக்கு வரவங்க பாதி தோத்த பொறவுதான் வராங்க, அதுக்கு முன்னாடி அவங்க வீட்டுக்கு நாம போகணும்னாங்க. அவங்க இங்லீசு எனக்குப் பாதி புரியல. இது மட்டும் புரிஞ்சுகினேன்" என்பார். அந்தப் படத்தை மட்டும் துடைக்கக் கூட யாரையும் தொட விடமாட்டார்.

அந்த வார்த்தையை நம்பித்தான் கவுன்சிலர் தேர்தலில் சுயேச்சையாக நின்றார். தையல் மெஷின் சின்னம். என்னைத் துணைக்குக் கூப்பிட்டார், நோட்டீஸ் டைப் செய்யத்தான் என்று நினைத்துப் போனேன். கடைசியில் வீடு வீடாக அலைய விட்டார். ஓட்டுக் கேட்கிற லட்சணம் இருக்கிறதே! "எனக்குப் போடணும்னு தோணுச்சுன்னா போடுங்க. தோணாட்டி ஏன்னு மட்டும் சொல்லிடுங்க" என்பார். போகிற வீட்டிலெல்லாம் டீயோ மோரோ குடித்தார், சர்வீஸ் பாக்கியைத் தீர்க்கிறவர் மாதிரி. ஜெயித்தார். அவரிடம் தோற்றவர்கள் ஓட்டே போதும் என்று ஊரில் கேலி பேசினார்கள். கேலியோ நிஜமோ, நிறைய பழைய தோற்றவர்கள் வந்து அவரைப் பார்த்துவிட்டுப் போனதை நான் பார்த்தேன்.

கவுன்சிலராகவும் அதே புத்தி. முடியாது என்றால் முடியாது, அதற்குக் காரணம் இது. ஒரு நாள் ஒரு பெண் தன் மாமியாருக்கு முதியோர் பென்ஷன் கேட்டு வந்தாள்.

"கெடைக்காதும்மா. உங்க வீட்டுக்காரரு ரயில்வேல இருக்காரு. புள்ள கவர்மெண்டு சம்பளம் வாங்கினா அம்மாவுக்கு அது வராது."

"செஞ்சு தரேன்னு ஒரு வார்த்த சொன்னா இன்னாம்மா கொறஞ்சிடும் உங்களுக்கு?"

"எனக்கு ஒண்ணும் கொறயாது. உங்க மாமியாரு தபால்காரரு வராரான்னு வாசலப் பாத்துகினு உக்காந்திருப்பாங்க. அவங்களுக்குக் கொறயும்."

அந்தப் பெண் முகத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். கால்வாய் வந்தது, ரயில்வே கேட்டுக்குப் பின்னால் இருந்த சந்துக்குக் குழாய்த் தண்ணீர் வந்தது, அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கும்? அடுத்த தேர்தல் இதோ அதோ என்று தள்ளிப்போய் ஒருவழியாக வந்தபோது, யார் என்ன கேட்டாலும் "பாத்துக்கலாம், செஞ்சிடலாம்" என்று தோளைத் தட்டிக் கொடுக்கிற ஒருவர் எதிர்த்து நின்றார். நான் ஓட்டு எண்ணுகிற இடத்தில் அவருக்கு ஏஜெண்டாக உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்தபோது அந்த அம்மா ஆட்டோவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கூட நின்ற நாலு பேரும் வேறு பக்கம் பார்த்தார்கள்.

"சொல்லு" என்றார்.

"முடிவ மொதல்ல சொல்லிடறேன் மேடம். தோத்துட்டீங்க."

"ம். காரணம்?"

"நீங்க எல்லாருக்கும் முடியாதுன்னு சொன்னீங்க. அவரு ஒருத்தருக்கும் சொல்லல."

"காரணம் சரியா இருக்குது. இந்தத் தீர்ப்பு நிக்கும்" என்று சொல்லிவிட்டு ஆட்டோக்காரரிடம் ஸ்டேஷன் ரோட்டுக்கு விடச் சொன்னார். அப்பா வண்டி நின்ற இடத்தில் இப்போது வேறு யாரோ டீ போடுகிறார்கள். இரண்டு டீ வாங்கினார். "நல்லா சொன்ன. ஒழுங்கா சொன்ன" என்று என் முதுகில் ஒன்று வைத்தார். என் ஜென்மத்தில் வாங்கிய ஒரே சர்டிபிகேட் அது.

காரணம் இல்லாமல் சொல்கிற தீர்ப்பு நிற்காது, மேல் கோர்ட்டில் தூக்கி எறிந்துவிடுவார்கள் என்று அடிக்கடி சொல்வார். சமையலுக்கு வந்த பெண்ணிடம் குழம்பு நன்றாக இல்லை என்று சொன்னால் கூட ஏன் என்று சொல்லிவிடுவார். பாவம் அந்தப் பெண்.

இப்போது அந்த அண்ணன் மகன் போனுக்கு வருகிறேன். அவன் கெட்டவன் இல்லை. அத்தை மேல் பிரியமானவன். நம் வீடுகளில் இதுதானே வழக்கம், நோயாளிக்கு மட்டும் சொல்லாமல், மற்ற எல்லோருக்கும் சொல்லிவிடுவோம். என் அம்மாவுக்கும் அப்படித்தான் செய்தோம். அவர் கடைசி வரை அல்சர் என்று நினைத்தே போனார். நினைத்தாரா, எங்களுக்காக நினைக்கிற மாதிரி இருந்தாரா என்பது தெரியாது. எனவே நானும் கல் என்றே பேசுவதாகத்தான் கிளம்பினேன். ரெண்டு சாத்துக்குடி வாங்கிக்கொண்டேன். வழியில் வேறெதையும் யோசித்ததாக நினைவில்லை.

வீட்டு கேட்டுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பாதியாக இளைத்திருந்தார். கண்ணில் மஞ்சள் இன்னும் கொஞ்சம் இருந்தது. மடியில் ஒரு தட்டு. அண்ணன் மகன் அத்தைக்காக வேண்டிக்கொண்டு திருப்பதி போய் மொட்டை போட்டு வந்திருந்தான். தட்டில் இருந்தது அந்த லட்டு. தெருவில் போகிறவர்களை எல்லாம் கூப்பிட்டு, காகிதத்தில் ஆளுக்குக் கொஞ்சம் பிட்டு வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். "கல்லு எடுத்தாச்சு, பொழச்சுகினேன், வாங்கிக்க" என்றார் பூக்காரியிடம். பென்ஷன் கேட்டு வந்த அந்த ரயில்வேக்காரர் பெண்டாட்டி கூட வாங்கிக்கொண்டு போனாள்.

என்னைப் பார்த்ததும் சிரித்தார். "வாடி லட்டுக்காரர் பொண்ணே. இன்னிக்கு நான்தான் லட்டுக்காரி."

நீட்டிய லட்டை நான் வாங்கவில்லை. வாங்க முடியவில்லை. வாசலில் நின்ற அண்ணன் மகனைப் பார்த்தேன். வேண்டாம் என்று கண்ணைக் காட்டினான். அவன் மொட்டைத் தலையில் சந்தனம் காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது. அவனைப் பார்த்தால் பாவமாக இருந்தது. ஆனாலும் என் அப்பா பஸ் ஸ்டாண்டில் பெட்டியோடு நின்றதைப் பார்த்தவள் நான். இன்னொரு முறை அதைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் ஆகாது.

"உள்ள வாங்க மேடம், பேசணும்" என்றேன்.

கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் கட்டிலில் உட்கார வைத்தேன். தட்டையும் கையோடு கொண்டுவந்தார். அந்த அறை ஜன்னலில் மலை நேராகத் தெரியும். அண்ணன் மகன் பின்னாலேயே வந்து, "அக்கா, அக்கா" என்றான். நான் திரும்பவில்லை.

"முடிவ மொதல்ல சொல்லிடறேன் மேடம்" என்றேன்.

அந்த ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது. கையில் இருந்த லட்டைத் தட்டில் வைத்தார். விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டார். முகத்தில் எதுவும் மாறவில்லை. கோர்ட்டில் உட்கார்ந்திருப்பாரே, அதே முகம்.

"கல்லு இல்ல. கேன்சர். கணையத்துல. எடுக்க முடியாதாம். தீபாவளிக்குள்ளன்றாங்க."

அண்ணன் மகன் கதவில் தலையை வைத்து அழுதான். அவர் அவனைப் பார்த்து, "இரு" என்றார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"காரணம்?"

இதற்கு நான் தயாராக இல்லை. "காரணம் டாக்டருங்களுக்கே தெரியலயாம் மேடம். நீங்க எதுவும் தப்பா பண்ணல. சில பேருக்கு வரும்ன்றாங்க" என்றேன்.

"காரணமே இல்லாமயா?" என்று கேட்டார். என்னைக் கேட்கவில்லை. ஜன்னலைப் பார்த்துக் கேட்டார். மலை மேல் அன்றைக்கு என்னவோ விசேஷம், மேளச் சத்தம் கேட்டது. அந்தப் பக்கமே பார்த்தபடி, "செஞ்சவன் எறங்கி வந்து சொல்ல மாட்டான். நீயாவது வந்து சொன்னியே" என்று என் கையைத் தட்டினார்.

அப்புறம் தட்டைப் பார்த்தார். பாதிக்கு மேல் காலியாகிவிட்டிருந்தது.

"மொதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றார். "லட்டு குடுத்துட்டேனே."